திருவரங்கத்தில் ஒரு காலை: ஆற்றிலிருந்து உள்ளே நடங்கள்

வெளிநாட்டிலிருந்து திருச்சியில் வந்திறங்கும் நம்மவர்கள் பலர், ராஜகோபுரத்தருகே காரை விட்டு இறங்கி, தரிசன வரிசையில் நின்று, பிரசாதத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது கோயிலை மட்டுமே. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிப்புறத்து மூன்றில் இன்றும் வீடும் கடையுமாக ஒரு நகரம் வாழ்கிறது. அதைக் காண ஒரு காலைப்பொழுது வேண்டும். தரிசனத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர மாற்றத்தால் விடியுமுன் விழிப்பு வரும் முதல் சில நாட்களே இதற்கு உகந்தவை. ஆறு மணிக்கெல்லாம் அம்மா மண்டபம் படித்துறையில் இருங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வருவோர், மேட்டூர் அணை திறந்திருந்தால் காவிரியை நீரோடு பார்க்கலாம். கோடையில் பெரும்பாலும் மணல்தான். ஆடிப்பெருக்கன்று படியில் கால்வைக்க இடமிராது. படித்துறையில் தர்ப்பணம் கொடுப்பவர்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்கள் இறந்தவர்களுக்காக வந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் ராஜகோபுரம். பதின்மூன்று நிலை, 236 அடி. பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்த இது 1987இல்தான் முழுமை பெற்றது என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதைக் கடந்ததும் அடையவளஞ்சான் வீதி, பிறகு சித்திரை வீதி, அதற்குள் உத்திர வீதி. சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் தைத்தேர் உத்திர வீதிகளிலும் ஓடும். நேரே கோயிலுக்குள் போய்விடாமல் இவற்றில் ஒன்றையாவது முழுச் சுற்று நடங்கள். வாசல் தெளித்துக் கோலமிடும் நேரம் அது. காப்பியும் இங்கேயே கிடைக்கும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கி அட்டையைப் பூக்காரம்மாவிடம் நீட்ட முடியாது.

உத்திர வீதியிலிருந்து கோயிலுக்குள் நுழையும் வாசலான ரங்கா ரங்கா கோபுரத்தில் செருப்பை விட்டுவிட வேண்டும். உள்ளே கிழக்குப் பக்கம் சேஷராயர் மண்டபம்: முன்காலைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின் மீது வீரர்களும் தூண்தூணாக நிற்கிறார்கள். என் கணக்கில் திருவரங்கத்துச் சிற்பங்களில் இதுவே முதல். எதிரே ஆயிரங்கால் மண்டபம், அருகே வெள்ளைக் கோபுரம். இதே திருச்சுற்றின் தென்மேற்கு மூலையில் வேணுகோபாலன் சந்நிதியின் புறச்சுவரைப் பலர் கவனிக்காமலே போகிறார்கள். வீணை மீட்டும் பெண்ணை அங்கே தேடுங்கள். கருவறைப் பக்கம் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், வேற்று மதத்து மனைவியோ கணவரோ உடன் வந்தால் முன்னதாகவே சொல்லி வையுங்கள். இந்த மண்டபங்களை அவர்களும் பார்க்கலாம்.

ஆண்களுக்கு வேட்டியோ முழுக்கால் சட்டையோ, பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ போதும். அரைக்கால் சட்டை கூடாது. வெயில் ஏறினால் கல்தளம் பாதத்தைச் சுட்டுவிடும், குழந்தைகள் அழுதுவிடுவார்கள். பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வருவோர் இந்த நடையைத் தள்ளிப்போடுவதே நல்லது, கூட்டத்தில் எதையும் நின்று பார்க்க முடியாது.

திரும்புவதற்கு ஆட்டோவிடம் பேரம் பேச வேண்டாம். சத்திரம் பேருந்து நிலையம் வழியாக மத்தியப் பேருந்து நிலையத்துக்கு ஒன்றாம் எண் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.