வியாசர்பாடியில் பர்மா ஆயாவிடம் கதை கேட்டு எழுதுவது எப்படி

பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுத விரும்புவோர், வீட்டில் 'ஓடி வந்தோம்' என்று சொல்லப்படுவது எந்த ஓட்டம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபின், பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாகவும் எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும் மக்கள் கால்நடையாக வந்தது ஒன்று. 1962 மார்ச்சில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, பின்னர் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கியதால் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது மற்றொன்று. போர் முடிந்ததும் ரங்கூனுக்குத் திரும்பிச் சென்று, இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களும் உண்டு. என் முதல் குறிப்பேட்டில் காட்டுவழி நடையும் கப்பல் பயணமும் ஒரே ஆண்டில் நடந்தவையாகக் கலந்து கிடந்தன. அதைத் திருத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆகவே குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்புறம் 'கண்டது' என்றும் வலப்புறம் 'கேட்டது' என்றும் எழுதிக்கொள்ளுங்கள். 1942இல் எட்டு வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்திருக்கும். எனவே எழுபதுகளில் இருக்கும் ஓர் ஆயா காட்டில் நடந்ததைச் சொன்னால், அது அவருடைய தாய் சொல்லக் கேட்டதாகவே இருக்கும். அதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது, ஆனால் இடம் மாறி எழுதக் கூடாது.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். 1964 மே 17 அன்று பர்மாவில் ஐம்பது, நூறு கியாத் (பர்மிய நாணயம்) நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. "ஆயா, நூறு கியாத் செல்லாது என்று சொன்ன அன்றைக்கு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று கேட்டால், கடை இருந்த தெரு, பெட்டியில் இருந்த பணம், அதை வைத்து அழுதவர் யார் என்பதுவரை வந்துவிடும். வழியில் இறந்தவர்களைப் பற்றி மட்டும் அவரே தொடங்கும்வரை நீங்கள் கேட்க வேண்டாம்.

தாத்தா நேதாஜியின் படையில் இருந்தார் என்ற பேச்சு பல வீடுகளில் எழும். போஸ் ரங்கூனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது 1944 ஜனவரியிலிருந்து 1945 ஏப்ரல் வரை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்த முகாம், என்ன வேலை, இம்பால் போர்முனைக்குப் போனாரா என்று பொறுமையாகக் கேளுங்கள்; பாட்டி என்றால் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையா என்றும் விசாரியுங்கள். தியாகி ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்பத்தின் நகலே தேதிகளைச் சொல்லிவிடும்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினால், ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படமெடுங்கள். கப்பல் ஏறிய நாளும் இறங்கிய நாளும் பெரும்பாலும் பின்புற முத்திரையில்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டியவற்றைப் பிரிக்க வேண்டாம். பர்மிய எழுத்து இருந்தால் ஆயாவையே உரக்கப் படிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட ரெப்கோ வங்கியில் வாங்கிய கடன் தொடர்பான தாள் இருந்தால், இங்கே வந்தபின் என்ன தொழில் தொடங்கினார்கள் என்பதையும் அதிலிருந்து கேட்டுக்கொள்ளலாம்.

நடந்தே பர்மாவுக்குத் திரும்ப முயன்று மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்ட உறவினர் யாரேனும் உண்டா என்பதையும் மறவாமல் கேளுங்கள். புறப்படும்போது அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிடச் சொல்வார்கள்; உட்காருங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். எனக்கு விடுபட்ட பெயர்கள் பாதிக்குமேல் அந்தத் தட்டின் முன்தான் கிடைத்தன.