வடகால் மடையில் விலாங்கு மாட்டினால்

ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி கலங்கி வரும்போது, எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாயும் வடகால் என்கிற கால்வாயின் மடையில் எப்போதாவது ஒரு விலாங்கு மாட்டும். சின்ன வயதில் ஒரே மழைக்கு அப்பா மூன்று நான்கு கொண்டுவருவார். இப்போது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒன்று கண்ணில் பட்டாலே பெரிது. அதனால் குழம்பு வைக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள், அது கடலுக்குப் போகிற விலாங்காக இருக்கலாம்.

முதலில் விலாங்குதானா என்று பாருங்கள். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு இருக்கும். முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றிவந்து அடித்துடுப்போடு ஒரே நாடாவாகச் சேரும். பாம்புக்குத் துடுப்பே கிடையாது. ஆரல் மீனுக்கு முதுகில் முள் வரிசை உண்டு.

அப்புறம் வயிறு. ஆற்றில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதற்கு வயிறு மஞ்சள் ஓடியிருக்கும். கடலுக்குக் கிளம்பிவிட்டால் வயிறு வெள்ளியாக வெளுத்து, முதுகு கறுத்து, கண் பெருத்துவிடும். போன கார்த்திகையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கண் சுண்டைக்காய் அளவு இருந்தது. குடல் சுருங்கிவிடுவதால் அது இரை எடுப்பதில்லை. பல வருஷம் ஆற்றில் வளர்ந்து, ஆழ்கடலில் ஒரே ஒரு தடவை இனம் பெருக்கிச் செத்துப்போகும். மடையில் அடித்துவிட்டால் அந்த ஒரு தடவையும் இல்லை. நம் ஆறுகளின் இரண்டு விலாங்கு இனங்களையுமே அழிவு அபாயத்தை நெருங்கியவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டிருக்கிறது.

காய்ந்த கையால் இறுக்காதீர்கள். மேலிருக்கும் கொழகொழப்புதான் அதற்குக் காப்பு. சணல் சாக்கை நனைத்து அதற்குள் வழியவிட்டு, வாயைக் கட்டுங்கள். தோலாலும் மூச்சு விடும் என்பதால் ஈரம் காயாதவரை தாங்கும்.

எங்கே விடுவது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். கால்வாயிலேயே விட்டால் அது குளத்தில் போய் முடங்கும். அணைக்கு மேலே விட்டால் திரும்பவும் கால்வாய்க்குள் இழுபடும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி. அதற்குக் கீழே ஆற்றில் விடுங்கள், ஆறு கடலில் கலக்கிற புன்னைக்காயல் பக்கம் போய்ச் சேர வழி கிடைக்கும். இருட்டிய பிறகு விடுவது நல்லது, விலாங்கு இரவில்தான் நகரும். வெள்ளம் வேகமாக இருந்தால் ஆற்றில் இறங்காமல் படித்துறையோடு நின்றுவிடுங்கள்.

சாக்கைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டாம். வாயை நீர்மட்டத்தில் பிரித்து வைத்தால் போதும். எங்களுடையது தலையை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு வாலை ஒரு சுழற்று சுழற்றி இறங்கிப் போனது.