டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து ட்ரெக் செல் வளர்க்கும் முறை

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "டிஜிஎஃப்-பீட்டா எவ்வளவு போடணும்?" சாதாரண டி செல்லை (எதிர்ப்பாற்றல் வெள்ளணு) ட்ரெக்காக, அதாவது எதிர்ப்பை அடக்கும் டி செல்லாக, மாற்றும் சைகைப் புரதம் அது. மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம். அதோடு டி செல்களை வளர்க்கும் புரதமான ஐஎல்-2, 100 யூனிட். சரி, அளவு முடிந்தது. உருவான செல்லை ட்ரெக்காகவே நிலைக்கவைப்பதில்தான் பாடு இருக்கிறது.

மாற்று உறுப்பைத் தாக்கும் டி செல்களை அடக்குபவை இந்த ட்ரெக் செல்கள். 1995-இல் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். 2025 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு. சாதாரண சிடி4 செல்லையும் (டி செல்லில் ஒரு வகை) டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து ட்ரெக்காக மாற்றலாம் என்பது 2003-இல் வெளிவந்தது.

எலியின் மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளிலிருந்து இதுவரை தூண்டப்படாத சிடி4 செல்களை மட்டும் பிரித்தெடுங்கள். ட்ரெக்கின் மேற்பரப்பு அடையாளமான சிடி25 உள்ளவற்றை ஒன்றுவிடாமல் நீக்கவேண்டும். இல்லாவிட்டால் எலியிடம் ஏற்கெனவே இருந்த ட்ரெக்கை நீங்கள் வளர்த்ததாகக் கணக்கு எழுதுவீர்கள். டி செல்களைத் தூண்டும் டென்ட்ரிட்டிக் செல்களும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது; அவை ஐஎல்-6 என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கும். டிஜிஎஃப்-பீட்டாவோடு ஐஎல்-6 சேர்ந்தால் கிடைப்பது அழற்சியைக் கிளப்பும் டிஎச்17 என்ற டி செல், நமக்கு நேர் எதிரி.

பிளேட்டில், டி செல்லைத் தூண்டும் சிடி3 ஆன்டிபாடியை முதல்நாள் இரவே பூசி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கழுவி, செல்களோடு சிடி28 ஆன்டிபாடியும் இரண்டு சைட்டோகைன்களும் (டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-2) சேருங்கள்.

டிஜிஎஃப்-பீட்டா பவுடர் கண்ணுக்கே தெரியாது, மூடியிலும் ஒட்டியிருக்கும். அதனால் திறக்கும் முன் குப்பியை ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் விடுங்கள். 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், அல்புமின் கலந்து கரைக்கவேண்டும். அல்புமின் இல்லையென்றால் பாதி குழாய்ச் சுவரில்தான் இருக்கும். சின்னச் சின்னதாகப் பிரித்து உறையவையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி ஃபிரீசரில் வைக்கிற சிக்கனம் வேண்டாம்.

நான்காம் நாள், ட்ரெக்கின் அடையாளப் புரதமான ஃபாக்ஸ்பி3 பாருங்கள். அது உட்கருவில் இருப்பது, அதற்கான ஸ்டெயினிங் கிட்தான் வேண்டும். ஒப்பிட, டிஜிஎஃப்-பீட்டா போடாத வெல் (பிளேட்டின் குழி) ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். மனித செல் என்றால் இன்னும் கவனம்: தூண்டப்பட்ட எந்த டி செல்லும் கொஞ்ச நேரம் ஃபாக்ஸ்பி3 காட்டும். மற்ற டி செல்கள் பெருகுவதை அது அடக்குகிறதா என்று சோதித்த பிறகே ட்ரெக் என்று சொல்லுங்கள்.

அப்புறம், எலிக்குள் செலுத்தும் கட்டம். அழற்சி உள்ள இடத்தில் இந்தச் செல்கள் ஃபாக்ஸ்பி3-ஐ இழந்துவிடலாம். உடன் எதிர்ப்பை ஒடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ் கொடுத்தால் ஐஎல்-2 உற்பத்தி குறைந்து அவை பட்டினி கிடக்கும். அந்த வகை மருந்துகளில் நான் ராபமைசின் பக்கம்.

செல் வளர்க்க வசதியில்லையா? ஐஎல்-2-ஐ அதன் ஆன்டிபாடியோடு கலந்து நேரே எலிக்கு ஊசி போட்டு, உள்ளேயே ட்ரெக்கைப் பெருக்கலாம். 2009-இல் வெளியான ஆய்வில், இப்படி மூன்று நாள் போட்ட எலிகள் மாற்று கணையத் திட்டுகளை நீண்டகாலம் ஏற்றுக்கொண்டன, எதிர்ப்பை ஒடுக்கும் மருந்தே இல்லாமல். ஆன்டிபாடி வாங்கும்போது குளோன் பெயரைப் பாருங்கள்: ஜேஇஎஸ்6-1. எஸ்4பி6 வாங்கிவிட்டால் பெருகுவது தாக்கும் வகையான சிடி8 செல்களும் என்கே செல்களும்.