மகனின் கையில் செயின்சோவை எப்போது கொடுக்கலாம்?

மாரிக் காற்றில் ஒரு வேம்போ பூவரசோ வேலிக்கு மேலே சாயாத வருசம் எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் குறைவு. மரம் விழுந்ததும் எஞ்சினில் ஓடும் சங்கிலி வாளான செயின்சோ வெளியே வரும். கூடவே, "அப்பா, நான் ஒருக்காப் பிடிக்கட்டா?" என்ற கேள்வியும் வரும். என் மகனை நான் பழக்கிய விதத்தை, இதை முதல் தடவையாக யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

வயதை முதலில் பார்த்துவிடுவோம். ஆபத்தான வேலைகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அமர்த்துவதை இலங்கைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே கூலிக்கு மரம் தறிக்கப் பிள்ளையை அனுப்பும் பேச்சே வேண்டாம். சொந்த வளவில், நான் பக்கத்தில் நின்றாலும், 16க்கு முன் கொடுக்க மாட்டேன். 16 ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் கொடுக்கவும் மாட்டேன்.

படி 1: கைவாள். ஒரு வருசமாவது கைவாளால் விறகு அறுக்கட்டும். இரண்டு முனையும் தாங்கியிருக்கும் கட்டையை மேலிருந்து அறுத்தால், வெட்டு வாய் மூடி வாளைக் கவ்விவிடும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் வாய் திறந்து துண்டு கீழே விழும். கைவாள் இறுகினால் நேரம்தான் போகும். செயின்சோ இறுகினால், அதை இழுத்தெடுக்கப் போய்த்தான் காயம் வரும். "இது எந்தப் பக்கம் கவ்வும்?" என்று ஒவ்வொரு கட்டைக்கும் கேளுங்கள். கேட்காமலே அவனாகச் சொல்லத் தொடங்கினால் அடுத்த படி.

படி 2: எஞ்சின் ஓடாத செயின்சோ. செயினை இறுக்குவது, அரத்தால் தீட்டுவது, எண்ணெய் விடுவது, செயினை நிறுத்தும் பிரேக்கைப் போடுவது எல்லாம் இப்போதே பழகட்டும். எரிபொருளோடு 5, 6 கிலோ வரும் இயந்திரத்தை இடுப்பளவில் சில நிமிடம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கை நடுங்கினால் இன்னும் காலம் இருக்கிறது.

படி 3: கிக்பேக். இதற்கு அவசரப்படாமல் நேரம் எடுங்கள். செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டை 'பார்' என்போம். அந்தப் பாரின் நுனியில் மேல்பக்கம் எதிலாவது பட்டால், பார் முழுதும் கண் இமைக்க முன் முகத்தை நோக்கி மேலெழும். சுதாரிக்க நேரமே இராது. எஞ்சினை ஓட்டாமல் அந்த இடத்தைக் கட்டையில் வைத்துக் காட்டுங்கள். அதனால்தான் இடது பெருவிரல் முன் கைபிடியைச் சுற்றியிருக்க வேண்டும், தலை செயினுக்கு நேரே வரக்கூடாது. காரணத்தைத் தன் வாயால் அவன் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

படி 4: நிறுத்தத் தெரிகிறதா? என்னைப் பொறுத்தவரை முடிவு இங்கேதான். கைவாள் வேலை நடுவில், இன்னும் ஒரு விரலளவு அறுக்க இருக்கும்போது, "நிப்பாட்டு மகன்" என்பேன். முதலில், "இந்தா முடியுது அப்பா" என்று அறுத்து முடித்துவிடுவான். பல மாதம் அப்படித்தான். ஒரு நாள், புளியில் சாய்ந்து கிடந்த வேம்பைப் பார்த்து, "இது எங்களால ஏலாதப்பா, தறிக்கிறவரைக் கூப்பிடுவம்" என்றான். அன்றுதான் எனக்கு மனம் வந்தது.

படி 5: முதல் நாள். ஹெல்மெட், கண் மறைப்பு, காது மூடி, செயின் கிழிக்காத கால் உறை, பூட்ஸ் எல்லாம் அவன் அளவுக்கே இருக்க வேண்டும். சாரமும் செருப்புமாக நீங்கள் அறுத்தால் பிள்ளையும் அதைத்தான் பழகும்; நீங்களும் போடுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட போனும், காயத்தை அழுத்தச் சுத்தமான துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

செயின்சோவைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு, வலது பாதத்தால் பின் கைபிடியை மிதித்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுக்க விடாதீர்கள். அசையாமல் முட்டுக் கொடுத்த, ஒரு சாண் தடிப்பமான கட்டை போதும். தென்னை வேண்டாம், அதன் வெளிப்புற வைரம் செயினைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். சில வெட்டோடு நிறுத்துங்கள், களைத்த கை பிழை விடும்.

நிற்கும் மரம், ஏணி, தோளுக்கு மேலே வெட்டு, கரண்ட் வயர் பக்கம், இவை எதற்கும் இன்னும் அனுமதி இல்லை. என் மகனுக்கு இப்போது 17. தரையில் கிடக்கும் கட்டைகளை அறுக்கிறான், நான் அவன் கண்ணில் படும்படி சற்றுத் தள்ளி நிற்கிறேன். நிற்கும் மரத்துக்கு இன்றும் தறிக்கிறவர்தான் வருகிறார்.