ஆல்டர் கூடினால் உடனே டிரெய்னிங்கா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆல்டர் பீஸ் (குறை இருப்பதால் திருத்தத்துக்குத் திரும்பும் உருப்படி) கூடிப்போனால் பெரும்பாலும் வரும் முடிவு ஒன்றுதான்: "டெய்லர்களுக்கு ஒரு டிரெய்னிங் போட்டுடலாம்." பயிற்சி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிப்பதில் நடக்கும் பெரிய தவறே இதுதான்.

பிளாட்லாக் என்ற தையல் மெஷினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி வளைந்திருக்கலாம், நூல் கோத்த வழி தப்பியிருக்கலாம், லூப்பர் (அடியில் நூலைப் பிடித்துக் கண்ணி போடும் பாகம்) ஊசியோடு சேரும் டைமிங் விலகியிருக்கலாம். தையல் ஓரம் துணியில் ஓட்டை விழுந்தால், முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போட வேண்டிய இடத்தில் கூர்முனை ஊசி இருக்கலாம். இதில் நூல் கோர்ப்பது மட்டும்தான் டெய்லரின் கைத்திறமை. டைமிங் மெக்கானிக் வேலை, ஊசி ஸ்டோரிலிருந்து வருவது. நல்ல மெஷின், சரியான ஊசி, போதிய நேரம் கொடுத்தால் இதே ஆள் சரியாகத் தைப்பாரா? தைப்பார் என்றால் பயிற்சி வேண்டியதில்லை. பீஸ் ரேட்டில் வேகத்துக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டுத் தரத்தைப் பற்றி வகுப்பெடுத்தால் தையல் லைனில் எதுவும் மாறாது.

சூப்பர்வைசரை மட்டும் கேட்டுப் பட்டியல் போடுவதும் தவறு. தன் லைனைக் குறை சொல்ல அவர் தயங்குவார், இல்லாவிட்டால் தனக்கு ஆகாதவர் பெயரைச் சொல்வார். சரி, டெய்லரிடமே கேட்கலாம் என்றால், சம்பள உயர்வுப் பேச்சு நடக்கும் நேரத்தில் "எனக்கு இது தெரியாது" என்று யார் எழுதிக் கொடுப்பார்? மெஷின் பக்கத்தில் நின்று பாருங்கள். செக்கிங் டேபிளில் ஒதுக்கிய பீஸ்களை எந்தக் குறை, எந்தத் தையல் வேலை, எந்த மெஷின் என்று பிரியுங்கள். கழுத்துப்பட்டி ஆல்டர் எல்லாம் இரண்டு மெஷினிலிருந்தே வருகிறது என்றால் லைன் முழுவதையும் நிறுத்தி உட்கார வைப்பது வீண்.

நிறுவனம், வேலை, ஆள் என மூன்று மட்டத்திலும் பயிற்சித் தேவையைப் பார்க்க வேண்டும் என்று மெக்கீ, தேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1961-லேயே எழுதிவிட்டார்கள். நம் ஊரில் முதல் மட்டம்தான் அடிக்கடி விடுபடுகிறது. காட்டன் டி-சர்ட் தைத்த லைனுக்கு அடுத்த சீசனில் பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ்வேர் வரப்போகிறது என்பது மார்க்கெட்டிங் ஆட்களுக்கு முன்பே தெரியும். ஆனால் வழுக்கும் துணியைப் பிடித்துத் தைக்கப் பழக்குவதோ, ஆர்டர் லைனில் ஏறிய பிறகு.

அப்புறம், மொழி. ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் நிறைந்த லைனில் குறிப்பெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் ஒட்டியிருந்தால், அளவு தப்புவதைத் திறமைக் குறைவு என்று எழுதுவது நியாயமில்லை. அவர்கள் மொழியில் சொல்லி, டேப் வைத்து ஒரு பீஸை அளந்து காட்டிவிட்டு, அடுத்த பீஸை அவர்களையே அளக்கச் சொல்லுங்கள். அதிலும் தப்பினால் பெயரைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்கலாம்.