டாப்பை வெட்டிய காருக்குப் பின் கண்ணாடி பொருத்துவது எப்படி?

பழைய அமெரிக்கக் காரின் டாப்பை நாலைந்து இன்ச் வெட்டி இறக்குவதை அங்கே 'சாப்' என்பார்கள். டாப்பைத் தாங்கும் தூண்களில் ஒவ்வொரு துண்டை எடுத்துவிட்டு மேல்பகுதியைத் திரும்ப வெல்டு வைத்தால் முடிந்தது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாப்பு இறங்கிவிடும், பின் கண்ணாடி இறங்காது. தகட்டை வெட்டலாம், வளைக்கலாம், ஒட்டுப் போடலாம். கண்ணாடியை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கண்ணாடியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி டாப்பை வெட்ட வேண்டும். என் முதல் காரில் இதைத் தலைகீழாகச் செய்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், அதை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பும் வண்டியின் கட்டமைப்பை மாற்ற இடம் தருவதில்லை. ரோட்டில் ஓட்டுகிற அம்பாசடர் மேல் கை வைத்துவிடாதீர்கள்.

முதலில் கண்ணாடி எந்த ஜாதி என்று பாருங்கள்

கார் கண்ணாடியில் இரண்டு வகை. இரண்டு தகடு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது லேமினேட்டட். சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்தது டெம்பர்டு. டெம்பர்டு கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் இருக்கும். அதில் ஒரு கீறல் உள்ளே இறங்கினால் போதும், மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். எந்தப் பட்டறையிலும் அதை வெட்ட முடியாது.

மூலையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். 'ஏஎஸ் 1' என்றால் லேமினேட்டட். பின் கண்ணாடியில் பெரும்பாலும் 'ஏஎஸ் 2' இருக்கும், அது அனேகமாக டெம்பர்டுதான். முத்திரை அழிந்திருந்தால் ஓரத்தைப் பாருங்கள். நடுவே மெல்லிய கோடு ஓடினால் லேமினேட்டட். இன்னொரு வழியும் உண்டு. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தால் டெம்பர்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாக நிழல் தெரியும்.

1930களின் ஆரம்பத்து ஃபோர்டு கூபே போன்ற வண்டி என்றால் கவலையே இல்லை. பின் கண்ணாடி சின்னது, தட்டையானது. டாப்பை முடித்துவிட்டு, புது அளவுக்கு அட்டை வெட்டிக் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் லேமினேட்டட் தகட்டில் வெட்டித் தந்துவிடுவார்கள். முதல் தடவை செய்பவர்கள் அங்கேயே தொடங்குவது நல்லது. இனி நான் சொல்லப்போவது வளைந்த பின் கண்ணாடி உள்ள வண்டிகளுக்கு. 1949 முதல் 1951 வரை வந்த மெர்க்குரி கார்தான் இதற்குப் பேர்போனது.

சாய்ப்பது என்கிற தந்திரம்

கலிபோர்னியாவின் லின்வுட்டில் கார்களை உருமாற்றும் பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் 1952இல் ஒரு 1951 மாடல் மெர்க்குரியை வெட்டினார்கள். 'ஹிரோஹாட்டா மெர்க்' என்று இன்றும் பேசப்படும் வண்டி அது. அதன் டாப்பை முன்னால் 4 இன்ச்சும் பின்னால் 7 இன்ச்சும் இறக்கினார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். முன்னும் பின்னும் ஏன் ஒரே அளவு இல்லை? பின்பக்கம் சரிந்து இறங்கினால்தான் வண்டிக்கு அந்த ஓட்டம் வரும். அந்தச் சரிவுக்குள் முழுக் கண்ணாடியும் அடங்க வேண்டுமென்றால் அதைப் படுக்க வைப்பதுதான் வழி.

கணக்கு எளிது. உங்கள் கண்ணாடி கீழிருந்து மேல் 16 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். தரையோடு 50 டிகிரி சாய்வில் நின்றால் அதன் உயரம் சுமார் 12¼ இன்ச். அதே கண்ணாடியை 31 டிகிரிக்குச் சாய்த்தால் உயரம் 8¼. கண்ணாடியைத் தொடாமலே 4 இன்ச் குறைந்துவிட்டது! ஆனால் மேல் விளிம்பு ஏறக்குறைய 3½ இன்ச் முன்னால் நகர்ந்திருக்கும். டாப்புத் தகட்டின் பின்பகுதியில் அந்த 3½ இன்ச்சுக்கு இடம் பண்ண வேண்டும். உங்கள் கண்ணாடியை அளந்து, சுவரில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து பாருங்கள். கால்குலேட்டரைவிடச் சுவர் நன்றாகப் புரியவைக்கும்.

வரைபடத்தில் சிக்காத ஒன்றும் இருக்கிறது. வளைந்த கண்ணாடியின் இரண்டு காதுகளும், அதாவது இரண்டு பக்க ஓரங்களும், முன்பக்கம் திரும்பியிருக்கும். கீழ் விளிம்பின் நடுவைப் பிடித்து முன்னால் சாய்க்கும்போது அந்தக் காதுகள் கீழே இறங்கும். காது 4 இன்ச் முன்னால் இருந்தால், 19 டிகிரி சாய்வுக்கு 1¼ இன்ச்சுக்கு மேல் இறங்கிவிடும். நடுவில் சரியாக உட்கார்ந்த கண்ணாடி மூலையில் பாடிக்குள் புதைகிற மாதிரி நிற்பது இதனால்தான். ஒன்று, கண்ணாடி உட்காரும் மொத்தச் சட்டத்தையும் (ஃபிரேமை) கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலைக்குக் கீழே உள்ள தகட்டை வெட்டி இடம் விட வேண்டும். நான் பாதித் தூக்கிப் பாதி வெட்டுவேன்.

கழற்றுதல், டம்மி செய்தல்

கண்ணாடியை நெம்பாதீர்கள். பழைய ரப்பர் பீடிங் எப்படியும் காய்ந்துபோயிருக்கும், வெளி உதட்டைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளுங்கள். வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எடுத்ததைப் பழைய கம்பளம் போட்ட மரத்தாங்கியில் நிற்க வையுங்கள். தரையில் படுக்கப் போட்டால் யாராவது மிதிப்பார்கள். அந்த யாராவது அனேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

அப்புறம் டம்மி. கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, மெழுகு தடவி, அதன் மேல் மூன்று அடுக்கு ஃபைபர் மேட்டை ரெசினோடு போட்டுக் காயவிடுங்கள். உரித்து எடுத்தால் அதே வளைவில் ஒரு நகல் கிடைக்கும். ஓரத்தைக் கண்ணாடியின் அளவுக்கே சரியாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். டாப்பு வேலை முடியும்வரை வண்டியில் ஏறி இறங்கப்போவது இந்த நகல்தான். வெல்டிங் பொறியும் கிரைண்டர் பொறியும் கண்ணாடியில் பட்டால் உருகி ஒட்டிக் குழி பறிக்கும். அந்தக் குழியிலிருந்து டெம்பர்டு கண்ணாடி என்றைக்கு வேண்டுமானாலும் உடையலாம்.

வெட்டுதல்

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்கள் வைத்து வெல்டு அடியுங்கள். அது இல்லாவிட்டால் டாப்பைத் தூக்கியதும் பாடி விரிந்துவிடும்.

ஜன்னலைச் சுற்றி 2 இன்ச் தகடு விட்டு, சட்டத்தை ஒரே துண்டாக வெட்டி எடுங்கள். ரப்பர் உட்காரும் விளிம்பு அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது, அதில் ஒரு வெட்டுகூட விழக் கூடாது. டாப்பை இறக்கி முன் தூண்களில் டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்டு) வையுங்கள். இப்போது ஜன்னல் சட்டத்தைத் தனியாகப் பிடித்துச் சாய்வு பார்க்க வேண்டும். இதற்கு அவசரமே வேண்டாம். சட்டத்தைக் கிளாம்பில் நிறுத்திவிட்டு 20 அடி தள்ளி நாற்காலி போட்டு உட்காருங்கள். டாப்பின் கோடு ஜன்னல் வழியாக டிக்கி மூடி வரை ஒரே ஓட்டமாக இறங்க வேண்டும். எங்கேயாவது கண் தட்டினால் எழுந்து போய்க் கால் இன்ச் நகர்த்துங்கள். நான் ஒரு வண்டிக்கு இரண்டு வாரக் கடைசிகள் இப்படியே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

திருப்தி வந்ததும் டேக் வெல்டு, அதுவும் இன்ச்சுக்கு ஒன்று வேண்டாம், மூலைக்கு மூலை போதும். டம்மியை உட்கார வைத்து, சுற்றிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். அது ரப்பரின் நடுச்சுவர் தடிமனுக்குச் சமமாக எல்லாப் பக்கமும் இருக்க வேண்டும். பிறகு டம்மியின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஒரு மூலையை அழுத்தும்போது எதிர் மூலை எழும்பினால் சட்டம் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

என் முதல் காரில் கோட்டைவிட்டது இங்கேதான். முழு வெல்டும் அடித்து, பட்டி பூசி, பெயின்ட்டும் முடித்த பிறகே கண்ணாடியை எடுத்தேன். இடது மேல் மூலை 3 மி.மீ. தூக்கி நின்றது. ரப்பர்தானே, இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று அமுக்கி உட்கார வைத்தேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மதியம் வெயில் ஏறியதும் ஒரு டப் சத்தம். பின் சீட்டு முழுக்கக் கல்கண்டு. அதே மாதிரி இன்னொரு கண்ணாடி தேடிப் பிடிக்க எட்டு மாதம் ஆனது.

ஆகவே வெல்டைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு தடவையும் எதிரெதிர்ப் பக்கமாக அடியுங்கள். நடுநடுவே ஆறவிட்டு டம்மியைத் திரும்பத் திரும்ப வைத்துப் பாருங்கள்.

பொருத்துதல்

விளிம்பில் வெல்டு மேடு இருந்தால் தேய்த்துச் சமமாக்கிப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துக் காயவிடுங்கள். கண்ணாடியை வெட்டாததால் சுற்றளவு மாறவில்லை, அந்த மாடலுக்குக் கிடைக்கும் புது ரப்பர் அப்படியே பொருந்தும். சாய்த்தவர்களுக்குக் கிடைக்கிற போனஸ் இது.

ரப்பரை முதலில் கண்ணாடியில் மாட்டுங்கள். தகட்டில் ஏறும் பள்ளத்தில் வழவழப்பான நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரண்டு முனையும் கீழ் நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விடுங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள். கண்ணாடியை வெளியே இருந்து வைத்து, கயிற்று முனைகளை உள்ளே போடுங்கள். வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் அதே இடத்தில் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பக்கமாக இழுக்க வேண்டும். ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். முதலில் கீழ்ப்பக்கம், பிறகு இரு பக்கங்கள், கடைசியில் மேல். எங்கேயாவது இறுகினால் இழுக்காதீர்கள், சோப்பு போட்டுத் தட்டிக் கொடுங்கள். இருவரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் விட்டுத் தண்ணீர் அடித்துப் பாருங்கள், கீழிருந்து தொடங்கி மேலே போனால்தான் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியும். படுத்த கண்ணாடியில் கீழ் மூலைகளில்தான் தண்ணீர் தேங்கும். அங்கே ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறுகாத வகை சீலன்ட் கொஞ்சம் விட்டால் போதும்.

வண்டியை வெளியே எடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் சைடு மிரர் மாட்டிவிடுங்கள். இவ்வளவு சாய்த்த பிறகு உள் மிரரில் பின்னால் வருகிற லாரி தெரியாது, வானம்தான் தெரியும்.