முன்பதிவில்லாப் பெட்டியில் ஊருக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பண்டிகை நேரத்தில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஆம்னி பஸ்ஸில் ஒருவருக்குக் கேட்கிற காசுக்கு, ரயிலின் ஜெனரல் பெட்டியில் ஒரு குடும்பமே போய்விடலாம். ஆனால் உட்கார்ந்து போவோமா, கழிவறை வாசலில் நின்றுகொண்டு போவோமா, வழியில் அபராதம் கட்டுவோமா என்பதெல்லாம் பெரும்பாலும் ரயில் பிளாட்பாரத்துக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் டிக்கெட். கவுண்டரில் "மதுரைக்கு ஒண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ரயில் என்றும் சொல்லுங்கள். வண்டி எண் 12, 20, 22 என்று தொடங்கினால் அது சூப்பர்பாஸ்ட். இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதில் ஏறி மாட்டினால், வித்தியாசத் தொகையோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் கேட்கலாம். ஜெனரல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறி, "அடுத்த ஸ்டேஷன்ல மாறிக்கிறேன் சார்" என்று சொல்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

டிக்கெட் எடுக்கும் நேரத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 199 கிலோமீட்டர் வரையிலான ஊர்களுக்கு, எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு முதல் ரயில் என்றால் அது கிளம்பும் வரை டிக்கெட் செல்லும். சென்னை – விழுப்புரம் போகிறவர் காலையிலேயே டிக்கெட் எடுத்து வைத்து மாலையில் கிளம்ப முடியாது. ஆனால் 200 கிலோமீட்டரோ அதற்கு மேலோ என்றால், மூன்று நாள் முன்பாகவே கவுண்டரில் எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தின இரவு எழும்பூர் கவுண்டரில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

கைபேசியில் எடுப்பவர்கள் நிலையத்துக்குள் வந்த பிறகு ரயில்வேயின் டிக்கெட் செயலியைத் திறப்பார்கள். காகிதமில்லா டிக்கெட்டை உள்ளே நின்றபடி அப்படி எடுக்க முடியாது. வெளியிலேயே எடுத்துவிட வேண்டும், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்க வேண்டும். பரிசோதகரிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டினால் செல்லாது. செயலிக்குள்ளேயே காட்ட வேண்டும், அதனால் சார்ஜ் தீர்ந்தால் சிக்கல்தான். அப்புறம், இந்த டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது.

இன்னொன்று, இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். இணையத்தில் எடுத்த ஸ்லீப்பர் டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்கக் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ஜெனரல் பெட்டியில் ஏறினாலும் டிக்கெட் இல்லாத பயணிதான். கவுண்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் என்றால் ஜெனரலில் போகலாம், ஸ்லீப்பரில் முடியாது.

சரி, இப்போது ரயிலைத் தேர்ந்தெடுப்பது. சீட் கிடைப்பதற்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. நம் ஊரிலிருந்தே புறப்படும் ரயில் இருக்கும்போது, எங்கிருந்தோ நிரம்பி வரும் ரயிலுக்காகக் காத்திருப்பதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு. திருச்சியிலிருந்து சென்னைக்கு நெல்லை, பாண்டியன், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் தெற்கேயே நிரம்பி நள்ளிரவை ஒட்டி வந்து நிற்கும். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் திருச்சியிலேயே கிளம்புகிறது; காலிப் பெட்டியில் ஏறலாம். மதுரைக்காரர்களுக்குப் பாண்டியனும் தூத்துக்குடிக்காரர்களுக்கு முத்துநகரும் அப்படித்தான்.

தாம்பரம் – நாகர்கோவில் அந்தியோதயாவைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். முழு ரயிலும் முன்பதிவில்லாதது. கட்டணம் சாதாரண எக்ஸ்பிரஸைவிடச் சற்று கூடுதல் என்பதால் பெயரைச் சொல்லியே டிக்கெட் எடுங்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டா வழியாகச் சுற்றிப் போவதால் நேரம் கூடும். அவசரமில்லாதவர்களுக்கு நல்ல வண்டி. எழும்பூருக்குப் போய் இதைத் தேடாதீர்கள். எழும்பூர் மறுசீரமைப்பு வேலையால் வேறு சில ரயில்களும் தற்காலிகமாகத் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டதுண்டு. ஆகவே கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஜெனரல் பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் இரண்டு முனைகளிலும் இருக்கும். எல்லோரும் படிக்கட்டு இறங்கும் இடத்துக்குப் பக்கத்து முனையிலேயே குவிவார்கள். கொஞ்சம் நடந்து மறுமுனைக்குப் போனால் நெருக்கடி குறைவாக இருக்க வாய்ப்புண்டு. கடைசிப் பெட்டியில் இடம் இருக்கிறதே என்று மாற்றுத்திறனாளிகள் பகுதியிலோ மகளிர் பகுதியிலோ ஏறிவிடாதீர்கள். அபராதம் மட்டுமல்ல, இறக்கியும் விடுவார்கள். அதே சமயம் தெற்கு ரயில்வே சில ரயில்களில், பகல் நேரத்தில் குறிப்பிட்ட ஊர்களுக்கிடையே மட்டும், ஸ்லீப்பர் பெட்டி ஒன்றிரண்டில் முன்பதிவில்லாப் பயணிகளை அனுமதிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஜெனரலில் நின்றுகொண்டு வருபவர்கள் ஏராளம்.

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் பழக்கத்தைப் பற்றி என்ன சொல்ல! சட்டப்படி அந்தத் துண்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை, சண்டைக்குத்தான் வழி. ஓடும் ரயிலில் தொற்றி ஏறுவது உயிருக்கே ஆபத்து. குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு ரயிலை விட்டுவிட்டு, காலியாக வரும் பண்டிகைச் சிறப்பு ரயிலில் ஏறுவது மேல். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் அரை டிக்கெட் போதும்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் ஒருமுறை இறங்கினால் திரும்ப ஏறும்போது உங்கள் இடத்தில் வேறொருவர் இருப்பார். முடியாதவர்களுக்காக, 2023 முதல் சில பெரிய நிலையங்களில் ஜெனரல் பெட்டி நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே 20 ரூபாய்க்கு எளிய உணவு விற்கிறார்கள்.